புனிதர் தீவில் ஒரு திதி

1

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஊரில் இருந்து படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி நோரா இறந்து ஒரு வருடம் ஆயிற்று. போன மாதம் அவளுக்கு முதல் திதி. அவள் கல்லறைக்குப் போய் ஒரு பிடி சோறு வைத்துக் கும்பிட்டு வரவேண்டும் என்பதைத் தவிர நான் வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு என்னை விடவில்லை. தடுத்தது சர்க்கார் அல்ல, பாதிரியார் அல்ல, கடலும் அல்ல. இடுப்பளவு உயரமுள்ள ஒரு கல் சுவர். அதைக் கட்டச் சொன்னவர் செத்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறதாம். அவர் ஒரு புனிதராம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சேலம் ஜில்லா வெண்ணந்தூர்க்காரன். பெயர் பழனியப்பன். தறிக்காரக் குடும்பம். மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நூல் விலைக்கும் சேலை விலைக்கும் கட்டுப்படியாகாமல் எங்கள் தறி நின்றது. நான் சென்னப்பட்டணம் போய், ஒரு கப்பலில் சமையல்கட்டு ஆளாக ஏறி, லிவர்ப்பூலில் இறங்கினேன். அங்கே துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்கிற பஞ்சாபிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு பெட்டியைத் தூக்கினேன். பெட்டி என்னை அயர்லாந்தின் மேற்குக் கரையில் கொண்டுவந்து விட்டது.

அங்கே ஒரு சந்தையில் ஒருத்தி என் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, நெசவு இளக்கம், இந்த விலை தரமாட்டேன் என்றாள். அவள் சொன்னது வாஸ்தவம். அவள்தான் நோரா. கடலுக்குள் இருக்கிற ஒரு சின்னத் தீவில் பிறந்தவள், ஆட்டு ரோமத்தை நூற்று நெய்கிற வீட்டுப் பெண். எங்கள் மேச்சேரி ஆட்டில் நூற்பதற்கு ரோமம் கிடையாது, கறியும் தோலும்தான் என்று ஒருநாள் சொன்னேன். அப்படியும் ஒரு ஆடா என்று அன்று முழுக்கச் சிரித்தாள்.

அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கினேன். பாதிரியார் எனக்குப் பிரண்டன் என்று பெயர் வைத்தார். பிரண்டன் என்பவர் தோல் படகில் ஏறிக் கடல் கடலாகச் சுற்றிய பழைய புனிதர். கடல் தாண்டி வந்தவனுக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம் என்றார். திமிங்கலத்தின் முதுகைத் தீவு என்று நினைத்து இறங்கி, அதன்மேல் அடுப்பு மூட்டினவர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. மீன் முதுகுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பெயரைத்தான் இத்தனை வருடமாகக் கரையில் நான் வைத்த துணிக்கடைப் பலகையில் மாட்டியிருக்கிறேன்.

2

இந்தப் புனிதர்களைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கே கல்லைத் தூக்கினால் ஒரு புனிதர் இருப்பார். இந்த நாட்டுக்குக் கிறிஸ்து மதம் வந்த புதிதில் நிறைய ஆண்களுக்கு உலகம் வெறுத்துப் போயிற்று. எகிப்து தேசத்தில் துறவிகள் பாலைவனத்துக்குப் போனார்கள் என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். இங்கே பாலைவனத்துக்கு எங்கே போவது? வருடம் முழுக்க மழை. அதனால் கடலையே பாலைவனமாக வைத்துக்கொண்டார்கள். மரச்சட்டத்தின்மேல் மாட்டுத்தோலை இழுத்துத் தைத்துப் படகாக்கி, கண்ணுக்குத் தெரிந்த பாறைத் தீவில் எல்லாம் ஏறிக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலைக்காரர்கள். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை, கல்மேல் கல்லை அடுக்கி, தானியக் குதிர் ஒன்றைக் கவிழ்த்தது போலச் சின்னச் சின்ன அறைகள் கட்டினார்கள். அந்தக் காற்றுக்கும் மழைக்கும் இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன. உள்ளே போய் நின்றால் ஒரு சொட்டு ஒழுகாது. உட்கார்ந்து ஆட்டுக்குட்டித் தோலில் வேதம் எழுதினார்கள், நடுச்சாமத்தில் எழுந்து பாட்டுப் பாடினார்கள், குளிர்ந்த கடலில் கழுத்தளவு நின்று ஜெபம் செய்தார்கள். துறவி என்றால் எனக்கு ஒன்றும் புதிதல்ல. ராசிபுரத்துக்குக் கிழக்கே கொல்லிமலையில் குகைக்குக் குகை சித்தர்கள் இருந்ததாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

அவர்கள் உலகத்தை விட்டதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உலகத்தை விட்டேன் என்று சொல்லிவிட்டு அதில் பாதிப்பேரை மட்டும் குறிப்பாகக் கரையில் நிறுத்தினார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொலும் கில்லே என்று ஒரு பெரிய புனிதர், ராஜ குடும்பம். அவர் தன் தீவில் பசுமாட்டையே விடவில்லையாம். பசு வந்தால் பால் கறக்க ஒரு பெண் வருவாளாம். கெவின் என்று இன்னொருவர், தன்மேல் ஆசைப்பட்டு வந்த பெண்ணை ஏரியில் தள்ளினார் என்று கதை. கதையைச் சொல்கிறவர்கள் அவரைத்தான் கும்பிடுகிறார்கள், அந்தப் பெண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றக்கூட ஆளில்லை.

எல்லாவற்றிலும் என்னைச் சுட்டது செனான் கதை. ஒரு பெரிய ஆறு கடலில் விழுகிற இடத்தில் அவருக்கு ஒரு தீவு. அதில் பெண் கால் படக் கூடாது. கன்னேரா என்று ஒரு துறவிப் பெண், சாகிற காலத்தில், அந்தத் தீவில் என்னைப் புதையுங்கள் என்று கேட்டு வந்தாள். தண்ணீர்மேல் நடந்தே வந்தாள் என்கிறார்கள். தண்ணீர்மேல் நடந்து வந்தவளையும் அவர் விடவில்லை. உங்கள் சாமி ஆண்களுக்கு மட்டும்தான் செத்தாரா என்று அவள் கேட்டிருக்கிறாள். கடைசியில் வேறு வழி இல்லாமல், அலை வந்து மோதுகிற விளிம்பில் ஒரு இடம் விட்டாராம். இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் நோராதான். சொல்லிவிட்டு, இவர் எங்கள் தீவுப் புனிதரைவிட நல்லவர், எங்களவர் விளிம்பைக்கூடத் தரவில்லை என்றாள்.

3

நோராவின் தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பது சில வீடுகள்தான். எல்லாரும் சொந்தக்காரர்கள், எல்லாரும் நல்லவர்கள், என்மேல் பிரியமானவர்கள். அதனாலேயே கோபம் இன்னும் அதிகமாகிறது.

தீவின் நடுவில் புனிதரின் மடம். வட்டமாகப் பெரிய மதில், உள்ளே அந்தக் குதிர் அறைகள், கூரை போன சின்னக் கோயில், அதைச் சுற்றி ஆண்களின் கல்லறைகள். மேற்குக் கரையில், காற்று முகத்தில் அறைகிற இடத்தில், பெண்களின் மயானம். அதற்குத்தான் அந்த இடுப்பளவு சுவர். புருஷன் மடத்தில், பெண்சாதி மேற்குக் கரையில். ஒரே பாயில் படுத்துப் பிள்ளை பெற்றவர்களைப் புதைக்கிறபோது பிரிக்கிறார்கள். மாற்றிப் புதைத்தால் விடிவதற்குள் உடம்பு தானே எழுந்து தன் இடத்துக்குப் போய்விடுமாம். மடத்துக்குள் உயிரோடிருக்கிற பெண்ணும் போகக் கூடாது. பெண்கள் மயானத்துக்குள் எந்த ஆணும் போகக் கூடாது. பாதிரியாரே சுவருக்கு வெளியே நின்றுதான் தீர்த்தம் தெளிப்பார்.

நோரா நுரையீரல் நோயில் போனாள். தன் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். மறுக்க முடியுமா? படகில் கொண்டுபோனோம். கரையிலிருந்து ஆண்கள் தூக்கினோம். சுவரண்டை வந்ததும் பெண்கள் வந்து எங்கள் தோளிலிருந்து சவப்பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். குழி வெட்டியதும் அவர்கள்தான், இறக்கியதும் அவர்கள்தான். நான் வெளியே நின்றேன். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குச் சண்டை போட என் உடம்பில் தெம்பில்லை.

பிறகு தெம்பு வந்தது. திதிக்குள் அனுமதி வாங்கிவிடுவது என்று கிளம்பினேன். முதலில் பாதிரியார். இந்த ஐரிஷ் பாஷையில் ஒருவரை நீங்கள் என்று சொல்லும் வழக்கம் கிடையாது, யாராக இருந்தாலும் நீதான். எனக்கு நாக்கு வரவில்லை. மரியாதைக்காக அவரைப் பன்மையில் கூப்பிட்டேன். அவர் தன் பின்னால் இன்னும் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். கூட வந்திருந்த என் மகள் வெட்கத்தில் கூரையைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் அது வழக்கம், வழக்கத்தில் சபை தலையிடுவதில்லை என்றார். நம் ஜில்லா போர்டு மாதிரி இங்கே இருக்கிற கவுண்டி ஆபீசுக்குப் போனேன். புதைகாடு எங்களுடையது, ஆனால் அந்தச் சுவர் பழங்காலச் சின்னம், அதற்கு வேறு இலாகா என்றார்கள். அந்த இலாகாவுக்கு எழுதினேன். சுவரிலிருந்து கல்லை எடுக்காதவரை எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, யார் உள்ளே போவது என்பது தீவுக்காரர்கள் விஷயம் என்று பதில் வந்தது. போலீஸ் சார்ஜெண்டு நல்ல மனிதர். நீ உள்ளே போனால் நான் உன்னைப் பிடிக்க முடியாது, அவர்கள் உன்னை அடித்தால் அவர்களைப் பிடிப்பேன் என்றார்.

ஆக எந்தச் சட்டத்திலும் இல்லாத சுவர். அதைத் தாண்ட எந்த அதிகாரியும் அனுமதி தரமுடியாத சுவர்.

4

இதையெல்லாம் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஊரில் இப்படியா என்று உச்சுக்கொட்டத் தயாராகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நில்லுங்கள்.

எங்கள் அம்மா போனபோது நான் வெண்ணந்தூரில்தான் இருந்தேன். அம்மா ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தாள். அவளைத் தூக்கி உட்கார வைத்ததும், கஞ்சி ஊட்டியதும், துணி அலசியதும் என் அக்கா பாவாயிதான். கட்டிக்கொடுத்தது மல்லசமுத்திரத்தில். அங்கே புருஷனையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இங்கே வந்து கிடந்தாள். ஆண்பிள்ளைகள் நாங்கள் தறியில் இருந்தோம்.

பாடை கிளம்பியது. தெருமுக்கில் ஒரு வேப்பமரம், அதன் பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். அதுவரைக்கும் பெண்கள் வருவார்கள், அங்கே விழுந்து கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். எல்லாரும் திரும்பினார்கள். அக்கா திரும்பவில்லை. பாடைக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். பெரியப்பா போய்க் குறுக்கே நின்றார்.

"பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது சாமி. ஊட்டுக்குப் போ."

"இன்னம் நாலடி நான் வந்தா என்னுங் பெரியப்பா ஆயிரும்? என்ற அம்மா தானுங்க."

பெரியப்பா கையை நீட்டி மறித்தபடியே நின்றார். கூட்டம் அவளைத் தாண்டிப் போயிற்று. மயானத்தில் கொள்ளி வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வருகிறபோதும் அவள் அந்தச் சுமைதாங்கிக் கல்லின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எரிஞ்சுபோச்சா என்று என்னைக் கேட்டாள். ஆச்சு என்றேன்.

இத்தனைக்கும் நாங்கள் திருச்செங்கோட்டு மலை ஏறுகிறவர்கள். ஒரே உடம்பில் பாதி பெண்ணாக நிற்கிற சாமியை மலை உச்சியில் வைத்துக் கும்பிடுகிற ஜில்லா. மலைமேல் பாதி உடம்பைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து நாலடி மண்ணைக் கொடுக்கமாட்டேன் என்கிறோம். இந்தப் புனிதர்களாவது ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குப் பெண் வேண்டாம் என்று சொன்னவர்கள். நமக்கு என்ன சாக்கு?

நோராவுக்குத் திருச்செங்கோட்டுச் சாமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டுவிட்டு, அந்தப் பாதியைக் கோயிலுக்குள் விடுகிறார்களா என்று கேட்டாள்.

5

திதிக்குப் பஞ்சாங்கம் ஏது? நிலாவைப் பார்த்துத்தான் கணக்குப் பண்ணினேன். மேகம் விட்டால்தான் நிலாவும் தெரியும். யுத்தம் வந்த பிறகு இங்கே அரிசி கண்ணில் படுவதில்லை, டீத்தூளையே சிட்டிகையாக அளந்து கொடுக்கிறார்கள். கொஞ்சம் அரிசியைப் பிஸ்கோத்து டின்னில் போட்டு இதற்கென்றே ஒளித்து வைத்திருந்தேன். துவரம்பருப்புக்குப் பதில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு. நோராவுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு என்றால் உயிர். அதை ஆக்கினேன். எள்ளுக்குப் பதில் ஆளிவிதை எடுத்துக்கொண்டேன். வாழை இலைக்கு முட்டைக்கோசு இலை. நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள்.

என் மகளும் வந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் வைத்த பெயர் செல்லாயி, எங்கள் அம்மா பெயர். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ அதை ஷீலா என்று எழுதிக்கொண்டார். இப்போது செல்லாயி என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. சின்ன வயதில் வெண்ணந்தூர்ப் பேச்சை அப்படியே பேசுவாள், நோராவுக்கே கற்றுக்கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்த நாளோடு நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஐரிஷில் பதில் வரும், கோபித்துக்கொண்டால் இங்கிலீஷில் வரும். அம்மா போன பிறகு எதிலும் அதிகம் வருவதில்லை. அன்றைக்குப் படகில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு ஓட்டியது நோராவின் தம்பி மைக்கேல். அவனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவனும் என்னை மச்சான் என்பான். தீவில் அவனுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

சுவரண்டை போனபோது பெண்கள் முன்னமே வந்திருந்தார்கள். சுவரில் ஆள் நுழைகிற அளவு ஒரு இடைவெளி உண்டு. அதில் பிரிஜித் பெரியம்மா நின்றார். நோராவின் அம்மாவுக்கு அக்கா, தீவுப் பெண்களில் மூத்தவர். அவர்கள் பேசியது ஐரிஷ். எனக்கு அதை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதத் தெரியும், அப்படியே எழுதுகிறேன்.

"அங்கயே நில்லு சாமி. எந்த ஆம்பளையும் இதுக்கு மேல வந்ததில்ல."

நான் நிற்கவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு பேசினேன், கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பாதிரியார் சொன்னதையும் ஆபீசில் சொன்னதையும் சொன்னேன். எனக்கு மகன் இல்லை, புருஷன் நான் வைக்காமல் யார் வைப்பது என்று கேட்டேன். செத்து மண்ணாகிப்போன ஒரு மனிதன், பெண்களைப் பார்க்கவே பயந்தவன், அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீங்களே காவல் நிற்கிறீர்களே, உங்களுக்கு ரோஷம் இல்லையா என்றேன். செனான் கதையைச் சொன்னேன். கன்னேராவாவது சண்டை போட்டாள், நீங்கள் அவள் வாரிசுகள்தானா என்றேன்.

பிரிஜித் பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"அவரு எங்களத் தள்ளி வெச்சாரு. நெசந்தான்," என்றார். "தள்ளி வெச்ச எடத்த நாங்க எங்களுதா ஆக்கிக்கிட்டோம். மடம் ஆம்பளைங்களுது, படகு ஆம்பளைங்களுது, ஊடு, நெலம் எல்லாம் அவிய பேருல. பூமில இந்தத் துண்டு ஒண்ணுதான் எங்களுது. இங்க குழி வெட்டறதுக்குக்கூட நாங்க யாரையும் கேக்கோணும்னு இல்ல. இதுலயும் நீ கால் வெக்கோணுமா?"

கோபம் குறைந்ததா என்றால் இல்லை, கூடிற்று. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று நினைத்து வந்தவன், எதிரே நிற்கிறவர் பக்கமும் நியாயம் இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வான்? சோற்றுப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

"குடுங்கப்பா," என்றாள் என் மகள்.

எத்தனையோ வருடம் கழித்து அவள் வாயில் வந்த தமிழ். பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இடைவெளியில் நுழைந்தாள். பிரிஜித் பெரியம்மா விலகி வழிவிட்டார்.

நான் சுவருக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். தெக்கால பார்த்து வை சாமி. தண்ணீரை முன்னாலே விடு. சோறு வைக்கிறபோது அம்மாவை நினைத்துக்கொள். நான் சொன்னபடியெல்லாம் அவள் செய்தாள். எங்கள் ஊரில் மகள் கையால் திதிச் சோறு வைக்க விடமாட்டார்கள். இங்கே மகளைத் தவிர யாரையும் விடவில்லை.

சோற்றை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் கடற்பறவைகள் வந்துவிட்டன. ஒரு கோழி அளவு இருக்கும், வெட்கம் மானம் கிடையாது. இலையோடு தூக்கப் பார்த்தன. நான் வெளியே நின்று கைதட்டிக் கத்துகிறேன், அவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரிஜித் பெரியம்மா தன் சால்வையை அவிழ்த்து வீசி வீசி விரட்டினார். மற்றப் பெண்கள் ஏன் விரட்டுகிறோம் என்று தெரியாமலே சேர்ந்து விரட்டினார்கள். மகள் மிச்சச் சோற்றை இன்னொரு இலையில் வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி, நம் ஊரில் கூப்பிடுவது போலவே, கா கா என்று கூப்பிட்டாள். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொல்லையில் நான் கூப்பிட்டதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தேசத்துக் காக்கைக்கு உடம்பு சாம்பல் நிறம், தலையும் சிறகும் மட்டும்தான் கறுப்பு. அப்படி ஒன்று வந்து சுவர்மேல் உட்கார்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே இறங்கிக் கொத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே நின்றிருந்தவர்களில் அது ஏன் என்று என் மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

6

திரும்புகிற வழியில் மைக்கேல் என்னை மடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். கோயில் சுவருக்கு ஓரமாக, தன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினான். தீவு ஆண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். இது உனக்கு மச்சான் என்றான். வெளியூர்க்காரன் யாருக்கும் அவர்கள் அங்கே இடம் கொடுத்ததில்லை. புனிதரின் சொந்தக் கல்லறையிலிருந்து கை எட்டுகிற தூரம். காற்று அடிக்காத இடம், நல்ல மண். காலையிலிருந்து தணலாக இருந்த மனது கொஞ்சம் இளகிற்று. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் மதிலுக்கு வெளியே நின்று ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வரமுடியாதே. நாங்கள் தீவுக்கு வருகிறபோதெல்லாம் அவள் அந்த இடத்தில்தான் நிற்பாள். அவள் அம்மாவும் சின்ன வயதில் அங்கேதான் நின்றிருப்பாள்.

படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்தது. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கப்பா, மாமா உங்களுக்கு எடம் காட்டினாங்களா?"

ஆமாம் என்றேன். நல்ல இடம் என்றேன்.

"அங்க வெச்சா உங்களுக்கு யாருங்கப்பா சோறு வெப்பாங்க? நான் உள்ள வரக் கூடாதுங்களே."

நான் மைக்கேலைப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக நான் பாதிரியாரிடமும் ஆபீசிலும் போலீசிலும் போய், என்னைத் தடுக்கிற சுவரைப் பற்றி மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். இவளைத் தடுக்கிற மதிலுக்குள் படுக்க எனக்கு மரியாதையாக இடம் கொடுக்கிறார்கள், நான் கைபிடித்து நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். அந்தப் புனிதர் எதிரே நின்றிருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

அப்படியே யோசனை வெண்ணந்தூருக்கு ஓடிற்று. என்னை அங்கே கொண்டுபோய் எரித்தால்? தெருமுக்கில், சுமைதாங்கிக் கல்லண்டை, யாராவது ஒருவர் கையை நீட்டி இவளை மறிப்பார். இந்தத் தேசத்தில் பிணத்தை எரிக்கவே விடமாட்டார்கள். இரண்டு தேசத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், என் சொந்தங்கள் கிடக்கிற மண்ணில் என் மகள் என் தலைமாட்டுக்கு வந்து நிற்க ஆறடி கிடையாது.

படகைத் திருப்பு மச்சான் என்றேன். காற்று மாறுகிறது, வேண்டாம் என்றான். திருப்பு என்றேன். என் குரலைக் கேட்டுத் திருப்பினான்.

பிரிஜித் பெரியம்மா இன்னும் மேற்குக் கரையில்தான் இருந்தார். சால்வையில் ஒட்டியிருந்த பறவை எச்சத்தைக் கடல் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கப் போய் நின்று கேட்டேன். உள்ளே வரவில்லை, எப்போதும் வரமாட்டேன். சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டி, நோராவுக்கு நேராக, ஆடு மேய்கிற இடத்தில் என்னைப் புதைக்கலாமா? அங்கே ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம் அல்லவா?

அவர் சால்வையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். மைக்கேல் பக்கத்தில் வந்து, மடத்தில் கொடுத்த இடத்தை வேண்டாம் என்பதா என்று முகம் சுருங்கி நின்றான். அவனுக்கு அது பெரிய அவமானம். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

"ஆடு மேயற எடத்தப் பத்தி எந்தப் புனிதரும் ஒண்ணும் சொல்லல," என்றார் பிரிஜித் பெரியம்மா. "ஆனா குழி நாங்க வெட்டமாட்டோம். அது ஆம்பளைங்க வேல."

சரி என்றேன். குழியை யார் வெட்டுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மகள் இடைவெளிக்குப் போகவில்லை. சுவர்மேல் ஏறி, ஒரு காலை உள்ளே போட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

7

என் விஷயம் முடிந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கோபம் ஏன் ஆறவில்லை என்று கேட்பீர்கள்.

பாவாயி அக்காவுக்கு வயதாகிறது. உடம்பு சரியில்லை என்று கடைசியாக வந்த கடுதாசியில் அண்ணன் எழுதியிருந்தார். புருஷன் போன பிறகு அக்கா வெண்ணந்தூருக்கே வந்துவிட்டாள். அவளுக்கு இரண்டும் பெண்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் அந்தப் பெண்களை எங்கே நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டி மறிக்கப் பெரியப்பா இல்லை, ஆனால் அந்தக் கைக்கு ஊரில் பஞ்சமா? அநேகமாக அது என் அண்ணன் கையாகவே இருக்கும். நான் இந்த யுத்தக் காலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே வெண்ணந்தூரில் இதைப் படிக்கிற யாராவது என் அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் படிக்கமாட்டார். இங்கே ஒரு புனிதர் கடலுக்கு நடுவில் கல் சுமந்து சுவர் கட்டித்தான் பெண்களை நிறுத்தினார். நம் தெருமுக்கில் யாரும் சுவர் கட்டவில்லை. ஒரு வேப்பமரம் நிற்கிறது, ஒரு சுமைதாங்கிக் கல் கிடக்கிறது. அதற்கு இந்தப் பக்கமும் ஜில்லா போர்டு ரோடு, அந்தப் பக்கமும் ஜில்லா போர்டு ரோடு.